அணையாமல் எரிந்த நாள்

அந்த விளக்கைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று நாகஜோதிக்குத் தோன்றாத நாள் அந்தப் பங்குனியில் ஒன்றுகூட இல்லை.

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி அவளுடையது. அதற்குள் மீன் கிடையாது, செடிதான். மீன் வளர்ப்பவர்கள் அழகுக்காகத் தங்கள் தொட்டிக்குள் நட்டுவைக்கிற சிவப்பு இலைச் செடி. உத்தமபாளையத்தில் தாவரவியல் படித்துவிட்டு, பண்ணைப்புரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். பத்து வருசம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வாழைக்கு உரம் வைத்துக் கழித்த பிறகு தனக்கென்று தொடங்கிய ஒரே காரியம் இது. நிலமும் வீடும் மாமனாருடையவை, வாழை புருசன் பாண்டீஸ்வரனுடையது. தொட்டி ஒன்றுதான் அவளுடையது. கோட்டயத்து வியாபாரி ஒருவர் மாதந்தோறும் வந்து செடிகளைக் கட்டுக் கட்டாக வாங்கிப்போவார். இலை சிவக்க நாளெல்லாம் கடும் வெளிச்சம் வேண்டும். அதற்காக வாங்கியதுதான் இந்த மெட்டல் ஹாலைடு விளக்கு.

எரிந்துகொண்டே இருக்கும் மகராசன் பொசுக்கென்று அணைந்துபோவான். அணைந்தால் லேசில் திரும்ப வரமாட்டான். சூடு ஆறக் கால் மணி நேரம், பழைய வெளிச்சம் வர இன்னும் ஐந்து நிமிடம். மாசியில் நாளுக்கு இரண்டு தடவை அணைந்தது, பங்குனியில் ஏழெட்டுத் தடவையாயிற்று. சிவப்பு இலை வெளிறி, பழுப்பாகி, தண்டு அடியிலிருந்து அழுகத் தொடங்கியது. தாய்ச்செடி போனால் எல்லாம் போயிற்று, மறுபடி தொடங்க அவளிடம் தெம்பு கிடையாது.

பல்பை மாற்றினாள். சோக்கை மாற்றினாள். இக்னைட்டரை மாற்றினாள். சூட்டால்தான் அணைகிறதோ என்று தான் புழுங்கிக்கொண்டு மேசை விசிறியை விளக்குக்கு வைத்தாள். குச்சனூருக்குப் போய் எள் விளக்கும் போட்டுவிட்டு வந்தாள். சனீஸ்வரன் அந்த விளக்கை ஏற்றுக்கொண்டு இந்த விளக்கை அம்போவென்று விட்டுவிட்டார். கடைசியில் ஒரு நோட்டை எடுத்து, அணைகிற நேரத்தையெல்லாம் எழுதிவைக்க ஆரம்பித்தாள். எழுதி என்ன செய்வதென்று தெரியாமலே எழுதினாள்.

புருசனிடம் எதையும் சொல்லவில்லை. அவர் சாப்பிட உட்காரும்போது, "கெணத்துல தண்ணி எப்படி மாமா?" என்று கேட்பாள். "கெடக்கு, கெடக்கு. செடி எப்படியிருக்கு?" என்பார். "அதுக்கென்ன, நல்லாருக்கு." இப்படி ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

தேனியிலிருந்து எலக்ட்ரீசியன் முத்துப்பாண்டியை வரவழைத்தாள். அவன் மீட்டரை மாட்டிவிட்டு, விளக்கு அணைகிறவரை காத்துக் கிடந்தான்.

"யக்கா, வெளக்குல ஒரு கோளாறும் இல்ல. அணையிற நேரத்துல வோல்டேஜ் பொசுக்குனு எறங்குது. ட்யூப்லைட்டு கண்ணச் சிமிட்டிட்டுச் சுதாரிச்சுக்கிரும், இது அப்படியே படுத்துக்கிரும். இங்கன பக்கத்துல பெரிய மோட்டாரு யாரு போட்டிருக்காக?"

"எங்க மோட்டார்தான் தம்பி, நாலு வயலு தள்ளி. ஆட்டோ பெட்டி வச்சிருக்கு."

"அது கெளம்புறப்பல்லாம் இது அணையுது. நாளைக்கு ஒரு நா மட்டும் ஓடவிடாம வச்சுப் பாருங்க, தெரிஞ்சுரும்."

கிணறு வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தி, ஒரு மணி நேரம் தண்ணீர் ஊறவிட்டு, மறுபடி தானாக ஓடவைக்கிற பெட்டி அது. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வெயிலில் புருசன் நடையாய் நடக்கிறாரே என்று நச்சரித்து வாங்க வைத்தவளே அவள்தான். அன்று ராத்திரி விசயத்தைச் சொன்னாள். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "பாப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் போட்ட விளக்கு மத்தியானம்வரை அணையவில்லை. மூன்று மணிக்கும் எரிந்தது. ஐந்து மணிக்கும் எரிந்தது. நாகஜோதிக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது. வாழை தார் தள்ளுகிற நேரத்தில் தனக்காக ஒரு நாள் பாய்ச்சலை விட்டுக்கொடுத்திருக்கிறாரே மனுசன் என்று, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

பொழுது சாயப் பாண்டீஸ்வரன் வந்தார். "எனக்காக மோட்டார நிப்பாட்டுனீகளா மாமா?" என்றாள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "ஒனக்காக இல்ல நாகு. விடியக்காலையில போட்டதுமே காத்தத்தான் இழுத்துச்சு. மோட்டாரு கருகிரும்னு பீஸைப் புடுங்கிட்டேன்."

அவள் உள்ளே போய் நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் ஒரு தடவை அணைந்ததற்கும் மறு தடவை அணைந்ததற்கும் நடுவே இரண்டரை மணி நேரம். அடுத்த பக்கத்தில் ஒன்றே முக்கால். நேற்று ஒரு மணி பத்து நிமிடம். அதில் ஒரு மணி நேரம் பெட்டி காத்திருக்கிற நேரம். மிச்சம் பத்து நிமிடம்தான் கிணற்றில் இருந்த தண்ணீர். கிணறு வற்றிக்கொண்டு வந்ததைத் தன் கையாலேயே நாள் தவறாமல் எழுதிவைத்திருக்கிறாள்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஊறவா போகுது?" என்றவர் வாசலைக் கைகாட்டினார். "நாளைக்கு ஒந்தொட்டிக்குத் தண்ணி மாத்துற நாளுல்ல? அடியில கெடந்தத மோந்து வச்சிருக்கேன், எடுத்துக்க."

வாசலில் இரண்டு குடம் நிறையக் கலங்கல் தண்ணீர் இருந்தது. ஆறடித் தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? நாகஜோதி குடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். உள்ளே விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.