கேப்டன் சலூன்

எங்கள் மாமாவை ஊரே கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய சலூனுக்கும் அதுவே பெயர். கண்ணாடிக்கு மேலே ஒரு படம் தொங்கும்: ராணுவ உடுப்பு, முறுக்கிய மீசை, தோளில் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கி மரத்தால் ஆனது, போட்டோ ஸ்டுடியோக்காரருடையது என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும்.

அந்நியர் ஆட்சியின்போது மாமா அவர்களுடைய படையோடு கடல் தாண்டிப் போனார். சுடுவதற்கு அல்ல, சிப்பாய்களுக்கு முடிவெட்ட. அவர் திரும்பிய கொஞ்ச நாளில் நாடு விடுதலை அடைந்தது. உடுப்பைப் பார்த்த ஊர், இவர் விடுதலைக்குச் சண்டை போட்டவர் என்று முடிவுகட்டிவிட்டது. யாருடைய படையில் இருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சலூனை நினைத்தால் இப்போதும் சோப்பு நுரை வாசனை மூக்கில் ஏறுகிறது. அக்கா மகள் என்ற சலுகையில் லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடப்பேன். பெஞ்சில் பேப்பரும், போன அந்நியர் ஆட்சியைப் பற்றிய வாய்ச்சண்டையும் ஓயாது.

"நம்ம மேல பிரியம் இல்லாமலா ரயில் விட்டாங்க?" என்பார் ஒருவர்.

"போங்கய்யா, நாம ஒரு அதட்டல் போட்டோம், ஓடிட்டான்" என்பார் இன்னொருவர்.

அளப்பு எல்லை மீறினால், நாற்காலியில் இருப்பவரின் வாயைச் சுற்றி மாமா நுரையை அப்பிவிடுவார். தொண்டையில் கத்தியை வைத்து, "பேசாதீங்க, வெட்டிரும்" என்பார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

படத்தைக் கழற்றத்தான் அவரால் முடியவில்லை. அது அத்தையின் பெருமை. "இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார் மாமா.

பிறகு சந்தை முனையில் விடுதலை வீரர்களுக்கு நினைவுக்கல் வைக்க ஒரு கமிட்டி கிளம்பியது. முதல் பெயரே மாமாவுடையது. அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை, திறப்பு விழாவுக்குப் புதுச்சேலை எடுத்து வைத்துவிட்டார். கமிட்டித் தலைவர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்ததும், மாமா பிரஷைக் கீழே வைத்தார்.

"கல்லுல என் பேரு வேண்டாங்க."

"ஏன் கேப்டன்? அடக்கமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சம்பளத்துக்குப் போனவன். நம்மள அடக்கி வச்சிருந்தவங்க படைக்குத்தான் சவரம் பண்ணேன். போன இடத்துல அந்த ஊர் ஜனங்க, எங்க மண்ண விட்டுப் போங்கன்னு தெருவுல இறங்கினாங்க. அவங்கள சுட்டது வேற யாருமில்ல, நம்ம பசங்க. காலையில நான் சவரம் பண்ணிவிட்ட பசங்க."

தலைவர் துண்டை உருவிப் போட்டார். "இத வெளியில சொல்லிட்டுத் திரியாதீங்க. ஊருக்கே அசிங்கம்."

அவர் படியிறங்கும் முன்பே மாமா ஸ்டூல்மேல் ஏறிப் படத்தைக் கழற்றிவிட்டார்.

மாமாவின் பெயர் இல்லாமலே கல் எழும்பியது. விஷயம் எப்படியோ பரவி, வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் அடுத்த தெரு சலூனுக்கு நடையைக் கட்டினார்கள். அத்தை அந்தச் சேலையைக் கட்டவே இல்லை. வெகுநாள் வரை சாப்பாட்டுத் தட்டை மாமா முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். அவருக்கும் மனசு வலித்திருக்கும், பாவம்.

மாமா இறந்த அன்று அந்தத் தலைவரும் வந்தார். பழசை மறந்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம் கேப்டன் அன்று துப்பாக்கி ஏந்தி..." என்று ஆரம்பித்தார்.

அழுதுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"அவரு கையில இருந்தது சவரக்கத்திங்க. அத மட்டும் சொல்லுங்க, போதும்."