தொடாத ஆட்டம்

அந்த மாசியில் கீரனூர்ப் பக்கம் அம்மை ஊர் ஊராக இறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் பயிற்சி முடித்து, அம்மை குத்தும் வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. என் பையில் லான்செட், ஸ்பிரிட் விளக்கு, முனை அடைத்த அம்மைப்பால் குழாய்கள், கோடு போட்ட நோட்டு ஆகியவை இருந்தன. நான்கில் நான் அதிகம் நம்பியது நோட்டைத்தான்.

மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பங்குனித் திருவிழாக்களில் உடம்போடு உடம்பு தொட்டு ஆடும் பந்தயங்களை நிறுத்த வேண்டும். அப்படி ஆடியவர் வீட்டில் அம்மை குத்தாத குழந்தை இருந்தால், வேறு எந்தக் காரணமும் பார்க்காமல் அன்றே குத்த வேண்டும். எவையெல்லாம் தொட்டு ஆடுபவை என்று உத்தரவில் இல்லை. சானிட்டரி இன்ஸ்பெக்டர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"பட்டியல் போடுறதுன்னா ஒனக்குச் சோறு வேண்டாமே. நீயே போடு."

நடுவில் கோடு இழுத்தேன். இடப்பக்கம் தொடுபவை: குஸ்தி, சடுகுடு, மஞ்சுவிரட்டு. வலப்பக்கம் தொடாதவை: சிலம்பம், மாட்டுவண்டிப் பந்தயம், உறியடி. பள்ளிக்கூடத்துக் கால்பந்தை எங்கே போடுவது என்று அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் இடப்பக்கம் போட்டேன். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கிராமத்தின் தலைவரான அம்பலகாரர் இரண்டு பேரோடு ஆபீசுக்கு வந்தார். பக்கத்து ஊரோடு அவர்கள் ஆடும் பங்குனிச் சடுகுடு இடப்பக்கம் இருந்ததுதான் அவர் வருத்தம்.

"எங்க ஊருச் சடுகுடுவுல யாரும் யாரையும் தொடுறதில்லீங்க" என்றார்.

"தொடாம எப்படிங்க சடுகுடு?" என்றேன்.

"பாடிப் போறவன் சேரியான், நர்ஸம்மா. அவனைப் போயி எங்க பயலுக தொடுவாங்களா?"

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்பலகாரர் சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினார். மூச்சு விடாமல் பாடிப் போக அந்த வட்டாரத்தில் அவனைப் போல ஆள் கிடையாது. எந்த ஊர் கூலி கொடுத்து அழைக்கிறதோ அந்த ஊருக்கு ஆடுவான். அவன் கையில் ஒரு புளிய மிளாறு, நீளமான மெல்லிய குச்சி, இருக்கும். மிளாறு நுனி பட்டவன் அவுட். எதிராளிகள் எட்டுப் பேர் கையிலும் ஈரத்துண்டு இருக்கும். துண்டை வீசி, அவன் காலைச் சுற்றி இழுத்துச் சாய்ப்பார்கள். அவன் மேல் பட்ட துண்டை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எட்டும் நெல்லோடு சேர்த்து அவனுக்கே.

"நோய்க்குப் பயந்து நீங்க இப்பத்தான் தொடாதேங்கிறீங்க. நாங்க எந்தக் காலத்துலருந்து தொடலை!"

"சர்க்கார் உத்தரவுக்கு முன்னாடியே இவங்க உத்தரவு போட்டுட்டாங்க பாரு" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். "வெள்ளிக்கிழமை போயிப் பாரு. ஒரு தடவை தொட்டாலும் ஆட்டத்தை நிறுத்து. தொடலைன்னா வலப்பக்கம் எழுது."

அந்த ஆட்டக்காரரை எனக்கு முன்பே தெரியும். அந்த வாரம்தான் சேரியில் அம்மை குத்தப் போயிருந்தேன். முப்பது வயதிருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் வந்து போனதால் அவருக்கு இனி வராது. பத்து மாதப் பெண் குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். மற்றவர்கள் என் லான்செட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிரங்கு. தோலில் புண் இருந்தால் ஆறும்வரை ஒத்திவை, நோயோடு தொடர்பு ஏற்பட்டவர் வீடாக இருந்தால் மட்டும் உடனே குத்து என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி. ஒத்திவைத்தேன். 'சிரங்கு' என்று பேருக்கு நேரே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வறண்ட கண்மாய்க்குள் களம் கட்டியிருந்தார்கள். கரை முழுக்கக் கூட்டம். ஆட்டம் தொடங்குமுன் அவர் எனக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றார். இன்னும் தள்ளி, கருவேல மரத்தடியில், அவர் மனைவி குழந்தையோடு நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "கேளுங்களாம்ல! பாயி போட்டு ஒக்கார வச்சிரும் போல நர்ஸம்மா."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இது தொடுற ஆட்டம்னு நீங்க எழுதிட்டா, எம் புள்ளைக்கு இன்னைக்கே குத்திருவீங்கள்ல?"

"குத்திருவேன். ஆனா ஆட்டம் நின்னுபோகும்."

"நிக்கட்டும்ங்க. வரமாட்டேன்னு நான் சொல்லமுடியாது. நீங்க நிறுத்தலாம். நெல்லு இல்லாட்டி இந்த வருசம் கெழங்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கூடப் பொறந்தது நாலும்மா. ஒரே பங்குனியில மூணு போச்சு."

"நடக்கிறதைத்தான் நான் எழுதமுடியும்" என்றேன்.

"சரிங்கம்மா. நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார்.

நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டேன்: மிளாறு, துண்டு, உடம்பு. அவர் பாடிக்கொண்டு நுழைந்தார். குரல் ஒரே சீராக, தேனீ சுற்றுவதுபோல் வந்தது. ஈரத்துண்டுகள் அவர் விலாவிலும் தொடையிலும் பட்டு அறைந்த சத்தம் கரைக்குக் கேட்டது. துண்டு விழுந்த இடமெல்லாம் கறுத்த தோல் சிவந்தது. "சுத்துடா, சுத்து! பன்னியைக் கட்டுற மாதிரிக் கட்டு!" என்று கத்தினார்கள். கீழே விழுந்தாலும் பாட்டை நிறுத்தாமல் ஊர்ந்து கோட்டுக்கு வந்தார். அவரைக் கூலிக்கு அழைத்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். தூக்கிவிட யாரும் வரவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் அது நடந்தது. துண்டு வழுக்கிவிட்டது. எதிர்ப்பக்கத்து இளைஞன் ஒருவன் குப்புற விழுந்து, விழுந்த வேகத்தில் அவர் கணுக்காலைப் பிடித்தான். பிடித்த கையை நெருப்பில் பட்டதுபோல் உதறினான். அவர் பாட்டை நிறுத்திவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"தொட்டுட்டாங்கம்மா! பாத்தீங்கல்ல?"

அம்பலகாரர் கரையிலிருந்து களத்துக்குள் இறங்கி வந்தார்.

"யாரு தொட்டா?" என்றார்.

"துண்டுதான் பட்டுச்சு" என்றான் இளைஞன். அழுதுவிடுவான் போல இருந்தது. தொட்டதாக ஒத்துக்கொண்டால் அவன் குளித்துவிட்டுத்தான் வீட்டு வாசல் மிதிக்க முடியும். அது போக, ஆயுசுக்கும் கேலி.

"துண்டுதான்! நான் பாத்தேன்" என்றது கரை. கரையில் எல்லாருமே பார்த்திருந்தார்கள்.

"அவன் பாட்டை நிறுத்திட்டான்ல? மூச்சு விட்டவன் அவுட்" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதோடு ஆட்டமும் போனது.

அம்பலகாரர் என் பக்கம் திரும்பினார். "நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க."

நானும் பார்த்தேன். புழுதிக்குள் ஐந்து விரல்களைப் பார்த்தேன். விரலுக்கும் காலுக்கும் நடுவே துண்டு இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். உறுதியில்லாததை எழுதக்கூடாது என்பது பயிற்சி. அதைப் பிடித்துக்கொண்டேன். மிளாறு ஐந்து, துண்டு முப்பத்தொன்று, உடம்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

எட்டுத் துண்டுகளையும் அவர் முன்னால் வீசினார்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டை கட்டினார். கொடுத்த துண்டுகள் எட்டு என்று அதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

"சிரங்கு ஆறட்டும். பத்து நாள் கழிச்சு வாரேன்" என்றேன்.

"வாங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் போனேன். சிரங்கு ஆறவில்லை. திரும்பி வந்தேன். பதினைந்தாம் நாள் குழந்தைக்கு முத்து போட்டிருப்பதாக ஆள் வந்து சொன்னான். இருபதாம் நாள் குழந்தை இல்லை.

அந்தச் சேரியில் வேறு யாருக்கும் அம்மை இல்லை. எங்கிருந்து வந்தது என்று எழுத என் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவதற்காக எதிர்ப்பக்கம் ஆடியவர்களின் ஊருக்குப் போனேன். நான்காவது வீட்டில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். பொருக்கு உதிர்ந்த இடங்கள் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தன. கணுக்காலைப் பிடித்த இளைஞனின் தம்பி. ஊருக்குத் தெரிந்தால் திருவிழா நின்றுவிடும் என்று வேப்பிலைகூடச் செருகாமல் மறைத்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் பயமில்லைங்கம்மா" என்றாள் அவன் தாய், எனக்கு மோர் கொடுத்தபடி. "ஆத்தா எறங்கிட்டா. தலைக்குத் தண்ணி ஊத்துன அன்னைக்கே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டோம்."

"இவன் படுத்திருந்த துணியெல்லாம்?"

"துண்டுதான் விரிச்சிருந்தோம். அதை வீட்டுல வைப்பாங்களா? மறுநாளே சடுகுடு வந்துச்சு. எப்படியும் தள்ளுற துண்டுதானேன்னு பெரியவன்கிட்டக் குடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்துலயும் அப்படித்தான், கிழிஞ்சது, ஆகாததுதான் கொண்டுபோவாங்க. நல்ல துண்டை யாராச்சும் அவனுக்குக் குடுப்பாங்களா?"

மோரைக் குடித்துவிட்டுச் சேரிக்குப் போனேன். துண்டுகளை எரிக்க வேண்டும். கூட வந்த சுகாதாரச் சிப்பந்தி, சாதி கெட்டுப்போகும் என்று குடிசைக்குள் நுழைய மாட்டேன் என்றான். நானே போனேன். மூலையில் துண்டுகளை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, குழந்தை படுக்கிற அளவுக்கு மெத்தைபோல் அடுக்கியிருந்தது. சுவரில் அந்தப் புளிய மிளாறு சாய்ந்திருந்தது. நோய்பட்ட துணியைக் கையால் எடுக்கக்கூடாது. மிளாறால் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னேன்.

அவர் வேலியோரம் குந்தியிருந்தார். "நல்லா ஆடுறீங்கம்மா" என்றார். "ஒங்க மேல படவே இல்லை."

நான் எண்ணினேன். ஏழுதான் இருந்தன. என் நோட்டில் எட்டு.

"இன்னொண்ணு எங்கங்க?"

"புள்ளைய அதுலதான் சுத்திக் குழிக்குக் குடுத்தேன்" என்றார். "வேற துணி இல்லைங்க."

விதிப்படி அதையும் எரிக்க வேண்டும். சிப்பந்தி தீக்குச்சியைக் கிழித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொற்று வந்த வழி என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். அப்படியே எழுதினேன். எரித்த துண்டுகள் ஏழு என்று எழுதினேன். பிறகு நோட்டை முன்னால் புரட்டி, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருந்த எட்டையும் ஏழாகத் திருத்தினேன், கணக்கு இடிக்கக்கூடாது என்பதற்காக.