அப்பாவுக்கு ஒரு பிரிண்டர்

பொண்ணு பார்ப்பதற்குக்கூட இவ்வளவு யோசிக்காத குடும்பம் எங்களுடையது. ஆனால் ஒரு பிரிண்டர் வாங்க மாதக்கணக்கில் யோசித்தோம். இங்க்ஜெட்டா லேசரா என்று நானும் சென்னையில் இருக்கும் என் தம்பியும் போனில் போட்ட சண்டையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "என்னமோ காடு கரையைப் பிரிக்கிற மாதிரில்ல கத்துறீக" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சண்டைக்குக் காரணம் அப்பா. அவர் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். மதுரையில் கிளம்பித் தூத்துக்குடி போகும் வண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர். சரியான வாயாடி. சில்லறை இல்லாதவனிடம் சண்டை போடுவார், சில்லறை வைத்திருப்பவனிடம் ஊர்க்கதை பேசுவார். பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்ததோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சுழி வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "ரைட்டு."

பசிக்கிறதா என்றால் ரைட்டு. பசிக்கவில்லையா என்றாலும் ரைட்டு. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது, அது கண்ணிலேயே தெரிந்தது. வாய்தான் வேறு எதையும் வெளியே விட மறுத்தது. உப்புமாவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனிதர், அம்மா கேட்டதற்கு ரைட்டு என்று சொல்லித் தொலைத்துவிட்டு வாரம் முழுக்க உப்புமா தின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். வீட்டில் அவர் புழங்கும் சாமான்களையே போட்டோ எடுத்து அட்டைகளாகச் செய்யுங்கள், வேண்டியதைத் தொட்டுக் காட்டிப் பழகட்டும். ஒரேயடியாகக் குவிக்கக் கூடாது, அவ்வப்போது ஒன்றிரண்டு கொடுத்தால் போதும். அதற்குத்தான் பிரிண்டர். திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை இல்லாமல் இல்லை, தாலுகா ஆபீஸ் பக்கம் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பட்டாவும் சிட்டாவும் எடுக்க நிற்பவர்கள் நடுவில் நின்றுகொண்டு, அப்பாவின் பெட்பேனைக் கலரில் ஒரு காப்பி போடுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

"எப்பவாச்சும் அடிக்கிறதுக்கு லேசர்தான்க்கா சரி" என்றான் தம்பி. "இங்க்ஜெட்டு சும்மா கெடந்தா மை காஞ்சு அடைச்சுக்கிரும். நம்மூரு வெயிலுக்குக் கேக்கவே வேணாம்."

"கலர் வேணும்லே. கருப்பு வெள்ளையில ரசம் எது, சாம்பாரு எதுன்னு அவுக எப்படிக் கண்டுபிடிப்பாக?"

"அப்பக் கலர் லேசர் வாங்கு."

"அந்த வெலைக்கு ஒரு கறவ மாடே வாங்கிரலாம். அதுவாச்சும் பாலு குடுக்கும்."

அந்தச் சண்டைக்கு அடியில் இன்னொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. தம்பிக்கு அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிப்போக ஆசை. அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கீழ்த்தளம் காலியாகியிருந்தது. பக்கத்துத் தெருவிலேயே உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் இருந்தார். போனில் அப்பாவிடம் கேட்டான், அப்பா ரைட்டு என்றார். போதாதா, முடிவாகிவிட்டது என்றான். கிணற்றில் குதிக்கிறீகளா என்று கேட்டாலும் அவுக ரைட்டுதான் சொல்லுவாக என்று நான் கத்தினேன். கடைசியில், வைகாசியில் கார் எடுத்துக்கொண்டு வருவதாகவும், அதற்குள் அப்பாவே தன் வாயாலோ கையாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவதாகவும் பேசி முடித்தோம்.

அவர் போக மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் டீக்கடைக்கு ஒரு கூட்டாளி வைத்திருந்தவர் சென்னையில் யாரைப் பார்த்துக் கையசைப்பார்? இன்னொன்றும் உண்டு. நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். சாயங்காலம் திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், என் வீட்டுக்குப் போகும்முன் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். அந்த வீடு பூட்டிக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு அவர்கள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பவள் நான் என்பதால் பிரிண்டர் விஷயத்தில் நான் சொன்னதே நடந்தது. இங்க்ஜெட் வந்தது. தண்ணீர்ச் செம்பு, ஃபேன், டம்ளரில் காப்பி, தட்டில் இட்லி என்று ஒவ்வொன்றாக அடித்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில் ஒட்டினேன். அம்மாவின் போட்டோவும் ஒன்று. அதற்காக அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள், கேலி செய்தால் போட்டோவே வேண்டாம் என்று மிரட்டிவிட்டு.

அட்டைகள் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தன. அப்பாவின் இடது உள்ளங்கை எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அம்மாவின் படத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் மை கரைந்து அவள் மூக்கு கன்னத்துக்கு வந்துவிட்டது. அப்பா துண்டின் நுனியால் துடைத்துப் பார்த்தார். முகமே போய்விட்டது. நீலம் படிந்த கட்டைவிரலை என்னிடம் நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அம்மாவின் படத்தை மட்டும் மறுபடி அடித்து லேமினேட் செய்து கொடுத்தேன். மற்றவற்றையும் அப்படிச் செய்யலாம் என்று பார்த்தால், டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததில் ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறம் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலையில் கொஞ்ச நாள் பிரிண்டரைத் தொடவில்லை. அது சித்திரை. திரும்பி வந்து தக்காளிப் படம் அடித்தால் சிவப்பு வராமல் தக்காளி பாசி பிடித்த மாதிரி வந்தது. சுத்தம் செய்வதற்கான பட்டனை அமுக்க அமுக்க இருந்த மையையும் அதுவே குடித்தது. அந்தத் தக்காளியைப் பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக அந்தப் பிரிண்டரைப் பாதி மன்னித்தேன்.

விஷயம் தெரிந்ததும் தம்பி என்னிடம் கேட்காமலே ஒரு கருப்பு லேசர் பிரிண்டரைப் பார்சலில் அனுப்பிவிட்டான். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவன் ஒன்றுமே சொல்லாததுதான் அதிக எரிச்சலாக இருந்தது.

லேசரில் தாள் சுடச்சுட வெளியே வந்தது. தேய்த்தாலும் அழியவில்லை. ஆனால் நான் சொன்னபடியே காப்பியும் ரசமும் சாம்பாரும் ஒரே கருப்பு. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கடுப்பில், எழுத்தாவது ஒழுங்காக வருகிறதா பார்ப்போம் என்று வாயில் வந்த ஊர்ப் பேரையெல்லாம் தாளுக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் அடித்துப் போட்டேன். பந்தல்குடி, மதுரை, திருச்சுழி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி.

அப்பா கட்டிலில் இருந்து அவற்றையே பார்த்தார். இடது கையால் இழுத்துத் தொடையருகே வைத்து ஒவ்வொன்றாக அடுக்கினார். மதுரை, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி. திருச்சுழியை மட்டும் தூக்கித் தரையில் போட்டார். அவர் ஓடிய தூத்துக்குடி ரூட்டில் திருச்சுழி கிடையாது.

வெள்ளையில் கருப்பாக, கொட்டை எழுத்தில், பஸ் போர்டு போல இருந்தால் அவருக்குப் படிக்க வந்தது. நோட்டில் நான் எழுதிக் காட்டியபோது வராதது இதில் வந்தது. அன்றோடு படங்களை விட்டுவிட்டு வார்த்தைகளாக அடிக்க ஆரம்பித்தேன். தண்ணி, காப்பி, ஃபேன், வலி, பாத்ரூம். தோள்பட்டை குத்தும்போதெல்லாம் 'வலி' அட்டையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

அடுத்து 'வேண்டாம்' என்று ஒன்று அடித்தேன். அதைக் கொடுத்த அன்று காலைப் பலகாரம் உப்புமா. அப்பா அட்டையைத் தட்டின் மேலேயே வைத்தார். அதற்கப்புறம் அது அவர் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. மாத்திரைக்கு வேண்டாம், குளிக்க வேண்டாம், டிவி சீரியலுக்கு வேண்டாம், நலம் விசாரிக்க வந்து உபதேசம் செய்த எதிர்வீட்டுக்காரருக்கும் வேண்டாம்.

"நல்லா அடிச்சுக் குடுத்த போ" என்றாள் அம்மா. "கல்யாணம் ஆன நாள்லருந்து வாயால வாங்குனத இப்ப அட்டையில வாங்குறேன்." சொல்லும்போது அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

வைகாசியில் தம்பி காரோடு வந்தான். நான் தயாராக இருந்தேன். அப்பாவைச் சாய்ந்து உட்கார வைத்து, அட்டைகளை முன்னால் பரப்பினேன். 'வேண்டாம்' அவர் சட்டைப் பையில் இருந்தது. "இப்பக் கேளுலே" என்றேன்.

"எங்ககூடச் சென்னைக்கு வாரீகளாப்பா?"

"ரைட்டு" என்றார் அப்பா. கை பைக்குப் போகவில்லை.

சரியாகக் காதில் விழவில்லை போல என்று நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். "அப்பா, இங்கயே இருந்துருவமா? நான் பாத்துக்கிறேன்."

அப்பா பையிலிருந்து 'வேண்டாம்' அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

தம்பி வேறு பக்கம் பார்த்தான். எனக்கு முகம் எரிந்தது. கேள்வியை மாற்றிக் கேட்டேன். பொருள் புரியாமல் எடுத்திருப்பார் என்று இன்னொரு தடவையும் கேட்டேன். அப்பா என் மடியில் கிடந்த அட்டையை விரலால் தட்டினார், சில்லறை கேட்டு நச்சரிக்கும் பயணியிடம் காட்டுகிற அதே சலிப்போடு. பிறகு பரப்பியிருந்த அட்டைகளைத் துழாவி அம்மாவின் போட்டோவை எடுத்து மெத்தையில் வைத்தார். அதன் மேல் 'வலி' அட்டையை வைத்தார்.

"எங்கப்பா வலிக்கிது? தோளா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். அட்டைக்கு அடியில் இருந்த போட்டோவை உருவி எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மறுபடி வைத்து, மறுபடி மேலே 'வலி'யை வைத்தார். இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்பைத் தடவிக்காட்டிவிட்டு, அம்மா நின்ற பக்கம் கையை நீட்டினார்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா இடுப்பில் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்தாள். விடியற்காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், பாத்ரூமுக்குத் தாங்கிக் கொண்டுபோவதும், படுக்க வைப்பதும் அவள்தான். நான் சாயங்காலம் வந்து காப்பி குடித்துக்கொண்டு அட்டை காட்டுகிறவள். அவள் எப்போதிலிருந்து அப்படி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பேச்சு போனபின் அவர் முதன்முதலாக இரண்டு அட்டையைச் சேர்த்து ஒன்று சொல்லியிருக்கிறார், அது அவளுக்காக.

"இவுகளுக்கு யாரு சொன்னா?" என்றாள் அம்மா. குரல் பிசிறியது. "எனக்கு ஒரு வலியுமில்ல. நான் நல்லாத்தேன் இருக்கேன். எனக்காக யாரும் எங்கயும் போக வேணாம்."

அப்பா என் மடியிலிருந்து 'வேண்டாம்' அட்டையை எடுத்து அவளைப் பார்த்து நீட்டினார். அவள் வந்து வாங்கும்வரை கையை இறக்கவில்லை.

நான் எழுந்து உள்ளே போய் அவர்களுடைய துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.