ஆண் மரத்தில் கை வைக்க விடவில்லை

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டுவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன்.

பல வருஷத்துக்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் இரண்டு கன்றுகள் கொண்டுவந்து தந்தார்கள். அந்தமான் தீவின் காட்டு ஜாதிக்காய். அங்கேயே சில மரங்கள்தான் மிச்சம், இங்கே பிழைக்குமா பாருங்கள் என்றார்கள். தண்ணீர் ஊற்றுவதும் ஓலை கட்டி நிழல் கொடுப்பதும் என் பொறுப்பாயின. இரண்டும் என்னைவிட உயரமாகிவிட்டன.

போன வருஷம் பெரியது பூத்தது. கொத்துக்கொத்தாகப் பூ. ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஆணா பெண்ணா என்று சொல்ல அது போதும். பெண் மரத்தில் ஒன்றிரண்டாகத்தான் பூக்கும். கொத்தாக வந்தால் ஆண். ஆண் காய்க்காது. எங்கள் பக்கம் அதை வெட்டி, துளிர்க்கும் கிளையில் பெண் மரத்துக் கம்பை ஒட்டிவிடுவோம். நானே எத்தனையோ மரங்களை அப்படி மாற்றியவள்தான்.

சூப்பர்வைசர் ரம்பத்தோடு வந்தார்.

"ஆணுல்லா இது. முறிச்சிட்டு நம்ம நல்ல ஜாதிக்காக் கம்ப ஒட்டிருவோம். நீங்களே ஒட்டுங்கம்மா."

"மாட்டேன்."

கூட வேலை செய்கிறவள் சிரித்தாள். "யக்கா, ஒங்களுக்கு வாய் உண்டா? இத்தன வருசம் எங்க வச்சிருந்திய?"

நான் மரத்து மூட்டில், அடிமரத்தை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

"சின்னது நாளைக்குப் பொண்ணாப் பூத்தா இவன் இல்லாம எப்பிடி சார் காய்க்கும்? கடல் தாண்டி மாப்பிள்ள தேடப் போவியளா?"

"அது பொண்ணுன்னு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. பூக்கட்டும். அதுவரைக்கும் இதுல கை வைக்கப்பிடாது."

"அதும் ஆணாப் போச்சுன்னா?"

"அப்பமும் வைக்கப்பிடாது. அங்க தீவுல பொண்ணு நிக்கும்லா, இந்தப் பூவுப் பொடி அதுக்கு வேணும்."

முதலாளியிடம் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார். சொல்லட்டும். சாயங்காலம் முதலாளி வந்தார். நான் மரத்தடியை விட்டு நகரவில்லை. மரத்தையும் என்னையும் பார்த்தார். "நிக்கட்டு" என்று திரும்பிப் போனார்.

சின்னது இன்னும் பூக்கவில்லை. ஒட்டுக்கட்டும் பலகையையும் முக்காலியையும் ஆண் மரத்து நிழலுக்கே கொண்டுவந்துவிட்டேன். கொட்டகையில்தான் உட்கார வேண்டும் என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.