அம்மா வாயால் அய்யா பேர்

எங்கள் நர்சிங் கல்லூரியில் இருக்கும் பொம்மை ஒரு நாளும் பேர் சொல்ல மறுத்ததில்லை. மறுக்கவும் முடியாது, அது பேசுவது என் வாயால்தான். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகிற சாலையில் கல்லூரி. மாடியில் ஓர் அறையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே கட்டில், ஆக்சிஜன் குழாய், மருந்து வண்டி எல்லாம் வைத்திருக்கிறோம். கட்டிலில் பொம்மை, இந்தப் பக்கம் மைக்கோடு நான். பொம்மைக்கு மார்பு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். நிறம்தான் நம் பக்கத்து நிறமில்லை. ஐம்பது வயது ஆம்பளை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்போம், வாயைத் திறந்தால் பொம்பளைக் குரல் வரும். முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் மதிப்பெண் போகும் என்று சொன்னதும் சரியாகிவிடும்.

ஒரு ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் பொம்மைக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்கள். கருவிக்குத்தானே பூஜை, தப்பென்று சொல்ல முடியாது. ஊசி போடும் கையிலும் வைத்ததில் சந்தனம் காய்ந்து ஓட்டை அடைத்துக்கொண்டது. மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு புகார் எந்த ஊரிலிருந்தும் வந்ததில்லை என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மருந்து கொடுக்கும் முன் எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொள், அவ்வளவுதான். "நீங்கதான இன்னாரு?" என்று கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்துச் சனம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எதற்கும் ஆமா போடும். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு, அவர்கள் வாயால் வரவைக்க வேண்டும். வந்த பேரும், கையில் கட்டிய பட்டையில் இருக்கும் பேரும், கேஸ் ஷீட்டில் இருக்கும் பேரும் ஒன்றாக இருந்தால் ஊசி. இல்லாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். தப்பான ஊசி போட்டால் நான் ஒரு பட்டனை அழுத்துவேன், பொம்மை செத்துப்போகும். அழுத பிள்ளைகள் உண்டு. அரைமணி நேரத்தில் அதே பொம்மை அடுத்த பிள்ளைக்குப் பேர் சொல்லும். வார்டில் இருப்பவர்கள் அப்படித் திரும்பி வரமாட்டார்கள், அதற்காகத்தான் இவ்வளவு கூத்தும்.

தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி, மீன்பிடிக் குடும்பம், ஒருநாள் எழுந்து கேட்டாள்: "மேடம், பேர் சொல்லாட்டி என்ன செய்ய?"

"பேசுறது நான். ஏன் சொல்லாம இருக்கப் போறேன்?"

"வார்டுல மேடம்."

"சொல்லாட்டி போடாத. யாரு கத்துனாலும் போடாத. உக்காரு."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பாடம் முடிகிற நேரத்தில் கேள்வி கேட்கிற பிள்ளைகளை எனக்கு ஆகாது.

அந்த மாதக் கடைசியில் அய்யாவுக்கு, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஏறியதைத் தானே பிடுங்கிப்போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தார். கால் முட்டி வரைக்கும் வீங்கிய பிறகுதான் ஊரிலிருந்து போன் வந்தது. கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரிதான். மறுநாள் மதியத்துக்கு மேல் காலைத் திறந்து சீழ் எடுக்க வேண்டும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். அம்மா துணைக்கு இருந்தாள்.

சீட்டுப் போடும் இடத்தில் நோயாளி பேரைக் கேட்டபோது அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள். இது புதிதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கும் அப்படித்தான், ரேஷன் கடையிலும் அப்படித்தான். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பது அம்மாவின் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அய்யா "அவுக", "பிள்ளைகளோட அய்யா", "இந்தா இவுக". எதிரில் இருந்தால் "இந்தாங்க". பேர் என்று ஒன்று அவருக்கு இருப்பதே எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

சேர்த்த அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன பிறகு வார்டில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. பேர் எழுதிய பட்டையைக் கையில் கட்டியிருந்தால் வேர்வையில் எழுத்து அழிந்துபோகும் என்று அய்யா அதைக் கழற்றிக் கட்டில் கம்பியில் பத்திரமாகக் கட்டிவைத்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை. அதைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரரும் கழற்றித் தன் கட்டிலில் கட்டிக்கொண்டார். அவர் மீனவர், சர்க்கரை நோய்க்காரர், விரல் புண்ணுக்காக வந்தவர். இரண்டாவது காரியம், இருவரும் கட்டில் மாற்றிக்கொண்டார்கள். அய்யாவுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வேண்டும். அவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், கடல் காற்று படாமல் தூக்கம் வரவில்லையாம். ரொம்ப சமாதானமாக, சம்பந்தி வீட்டில் பாய் மாற்றிக்கொள்வது மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பட்டைகளும் கேஸ் ஷீட்டுகளும் அந்தந்தக் கட்டிலிலேயே இருந்துவிட்டன.

மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்துக்கு நான் வார்டு வாசலுக்கு வந்தபோது, அய்யா கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்துப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டில் ஊசி. சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வேளையில் ஊசி என்றால் இன்சுலின். சர்க்கரையே இல்லாத மனுசன், விடிந்ததிலிருந்து வெறும் வயிறு. அந்த ஊசி உள்ளே போனால் மயக்கம், வலிப்பு, அதற்கு மேலும். நான் கத்தினேன். சாப்பாட்டுத் தூக்குச்சட்டியும் பாயுமாகச் சனம் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தது. அந்தச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கால்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒரு குழம்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு ஏச்சு வாங்கியது நினைவிருக்கிறது.

பிள்ளை அதற்குள் அய்யாவிடம் பேரைக் கேட்டிருக்கிறாள். அய்யாவுக்குக் காது மந்தம். "ஆமா" என்றாராம். திரும்பக் கேட்டதற்கும் "ஆமா". அப்புறம்தான் அம்மாவிடம் திரும்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு பேசியது எனக்கும் கேட்டது, ஏனென்றால் அய்யாவோடு குடித்தனம் பண்ணி அம்மாவுக்குக் குரல் பெரிது.

"எங்க குலசாமி பேருதான் தாயி அவுகளுக்கு."

"எந்தச் சாமிம்மா?"

"எல்லைல குதிரை மேல இருப்பாருல்ல, அவரு."

பிள்ளை வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் அம்மா கடற்கரையில் நின்று புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் படகில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். குதிரை மேல் யார் இருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அவருக்கு ஊருக்கு ஒரு பேர்.

வார்டுக்கு அன்றைக்கு ஒரே ஒரு நர்ஸ். அவர் தன் மேசையிலிருந்தே கத்தினார்: "அங்கன என்ன கதை? கட்டில்ல பட்டை இருக்குல்ல, பாத்துப் போட்டுட்டு வாம்மா!"

பிள்ளை பட்டையைப் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருந்தன. அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும், "பேரைச் சொல்லாட்டி நான் ஊசி போட மாட்டேம்மா" என்றாள்.

அம்மாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். தான் வாய் திறக்காததால் அந்த மனுசனுக்கு மருந்து நின்றுபோகிறது. அவள் அய்யாவின் வீங்கிய காலைப் பார்த்தாள். தாலியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அப்புறம் அய்யாவின் பேரை, தகப்பன் பேரோடு சேர்த்து, வார்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை, அம்மா ஒரு தடவை சொன்னதே போதும். பிள்ளை பட்டையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தட்டோடு இரண்டடி பின்னால் போனாள்.

"இது இவருக்கு இல்லம்மா."

"ஏத்தா, பேரச் சொல்லியாச்சுல்ல? பெறகு ஏன் போட மாட்டேங்குற?" அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஊசி கிடைக்கவில்லை என்றால் யாருக்குத்தான் தாங்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அங்கே இல்லை. வார்டு மூலையில் இருந்த குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள், மூன்று தடவை, நாலு தடவை. அந்த ஊசி உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயே நின்று சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "சரி, இப்ப நான் சொன்னதுக்கு அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். நான் அழுதுவிட்டேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளையும் அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பட்டை இரண்டையும் அறுத்து அவரவர் கையில் கட்டினார். அன்றைக்கு அவர் அதற்குப் பிறகு யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

அய்யாவுக்கு இதில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் தன் காலுக்காக அழுவதாக நினைத்துக்கொண்டு, "முள்ளுத்தான, விடுங்க" என்றார்.

சாயங்காலம் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டுக் கொண்டுவந்த பிறகு, மீனவர் ஜன்னல் ஓரத்திலிருந்து சைகையும் சத்தமுமாக நடந்ததை அவருக்கு விளக்கியிருக்கிறார். நான் காபி வாங்கி வந்தபோது அய்யா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஆத்தா என் பேரச் சொன்னாளாமுல்ல?"

தலையாட்டினேன்.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு. எனக்குக் கேக்கல."

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "பேசாமப் படுக்கச் சொல்லு" என்றாள், என்னைப் பார்த்து.

அய்யா என் பக்கம் திரும்பினார். நான் வாங்கிக் கொடுத்து ஒருநாளும் அவர் மாட்டிக்கொள்ளாத காது மிசின் ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது. "நாளைக்கு வரயில அந்தக் காது மிசின எடுத்துட்டு வா" என்றார்.