கேட்காமல் எடுத்த பச்சைப் புடவை

மயிலாடுதுறைப் பக்கம் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறேன். அறுவடை இல்லாத மாதங்களில் ஒரு நாடகக் குழுவில் பெண் வேஷம் கட்டுகிறேன். அந்த வேஷத்தில்தான் என் உடம்பு எனக்குக் கூச்சமில்லாமல் இருக்கும். ஆனால் மனைவியிடம் நாடகத்துக்கு லைட் போடுவதாகப் பொய் சொல்லியிருந்தேன்.

போன கோடையில் பக்கத்து ஊர்த் திருவிழா. அவள் வரமாட்டாள் என்ற தைரியத்தில் அவளுடைய பச்சைப் புடவையையே எடுத்துப் போனேன். எப்போதும் கட்டிவிடும் குழுவினர் உதவிக்கு வந்தும் அன்று வேண்டாமென்று சொல்லிவிட்டு, மோட்டார் கொட்டகைக்குள் தனியாகக் கட்டிக்கொண்டேன்.

முதல் பாட்டிலேயே கொசுவம் அவிழ்ந்தது. அள்ளிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், முன்வரிசையில் என் மனைவி!

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவளும் வந்துவிட்டாள். குடும்பம் போச்சு என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கட்டத் தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே?” என்றவள், தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொசுவத்தில் குத்திவிட்டாள். “போங்க, சனங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

இப்போது வீட்டில்தான் வேஷம் கட்டுகிறேன். குழுவில் பெண் வேஷம் போடும் மற்ற இருவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். மூவருக்கும் கொசுவம் பிடிப்பவள் அவள்தான். புடவையையும் கேட்டுத்தான் எடுக்கிறேன். கல்யாணப் பட்டுப் புடவையை மட்டும் இன்னும் தரமாட்டேன் என்கிறாள்.