அழகம்மாக்கா வீட்டு மைக்ரோவேவ்

பிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன் பிழைப்பு இருக்கிறதே, அது ஊர்ப்பட்ட சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே வருகிற பிழைப்பு. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைந்த கூட்டாளிகளே, உங்களுக்கு இது புதிதில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பதைக் கேட்டுக் கேட்டு என்னைப் போலவே உங்களுக்கும் காது புளித்திருக்கும். எண்பதுகளின் கடைசியில் வில்லாபுரத்தில் கடை போட்டிருந்தபோது எத்தனையோ மெஷினைத் திறந்து மூடியிருக்கிறேன். மனசை விட்டுப் போகாதது ஒன்றுதான். அதை மட்டும் சொல்கிறேன்.

மூச்சு முட்டிய அடுப்பு

சோலைமலை சார் தாலுகா ஆபீஸ் கிளார்க். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர், கே.கே. நகரில் வீடு. "புது மாதிரி அடுப்புப்பா, அஞ்சு நிமிசத்துல நின்னு போயிருது" என்று என்னைக் கூட்டிப் போனார். பார்த்தால் மைக்ரோவேவ் ஓவன்! அதுவரை நான் அதைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த சாரின் மச்சினன் கொண்டுவந்து கொடுத்ததாம். சமையல்கட்டுச் சுவரை நெஞ்சு உயரத்தில் குடைந்து, ஆசாரியை வைத்து நாலு பக்கமும் தேக்குப் பலகை அடித்து, காற்றுப் போக ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் அதைப் பதித்திருந்தார்கள். சூடேறி நிற்காமல் என்ன செய்யும்?

"எந்தப் புண்ணியவான் சார் இப்படி அடைச்சது?" என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன். கதவோரம் அவர் மனைவி அழகம்மாக்கா நின்றுகொண்டிருந்தார். இடது முழங்கையிலிருந்து விரல் வரை தீக்காயத் தழும்பு. அக்காவுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வருசத்துக்கு முன்னால் எரிகிற சீமெண்ணெய் ஸ்டவ் மேலேயே விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து அவரை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. சார்தான் பொங்கி வைத்துவிட்டு ஆபீஸ் போவார். நெருப்பில்லாத அடுப்பு என்றுதான் அந்தச் சிங்கப்பூர் அண்ணன்காரர் இதைத் தங்கச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார். சார் சொன்னார்: "அவ சாஞ்சு விழுந்தாலும் அது அசையக் கூடாதுன்னு நான்தாம்ப்பா இறுக்கி அடிக்கச் சொன்னேன்."

பேர் வெட்டிய பாத்திரம்

பின்பலகையை அறுத்தேன், மேலே மூன்று விரற்கடை இடம் விட்டேன், கரண்டு ஏறி இறங்கினால் தாங்குகிற ஒரு ஸ்டெபிலைசரை மாட்டினேன். அக்காவை நிற்க வைத்துப் பாடமும் நடத்தினேன்: காலியாக ஓடவிடக் கூடாது, கதவைப் படார் என்று சாத்தக் கூடாது, உள்ளே தெறித்ததை அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எல்லாம் சொன்ன மகாராசன், முக்கியமானதை விட்டுவிட்டேன். மறுநாளே ஆள் வந்துவிட்டது, அடுப்புக்குள் பட்டாசு வெடிக்கிறதென்று. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே எவர்சில்வர் கிண்ணி!

இரும்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் எதுவும் ஆகாது என்றேன். அக்கா பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். குடம், தூக்கு, சம்படம், தட்டு என்று ஒரு கல்யாண வீட்டுக்கே காணும். எல்லாவற்றிலும் அவர் பேர். தேறியது ஊறுகாய் போட்டு வைக்கிற பீங்கான் ஜாடி ஒன்றுதான். அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. "கல்யாணத்துக்கு வந்த சாமான் அம்புட்டுலயும் எம்பேரு வெட்டிக் கெடக்கு தம்பி, ஒண்ணுகூட எனக்கு ஒதவ மாட்டேங்குதே!"

ஜாடிச் சோறு

அடுத்த மாசம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். உள்ளே கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். இருபது வருசத் தொழிலில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் என்று வையுங்கள். கிளம்பினவனை விடவில்லை. மணையைப் போட்டு உட்கார வைத்தார். ஜாடியில் வெந்த சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, பருப்பில் உப்பு தூக்கல். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. நான் போதும் போதும் என்று கையை மறிக்க மறிக்க, போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருசமா என்னைய உக்கார வச்சுச் சோறு போட்டாக தம்பி, இன்னைக்குத்தான் நான் ஒருத்தருக்குப் போடுறேன்."

பொட்டு

ஆயுத பூசை முடிந்த மறுநாள் ஓவன் கதவு சாத்த மாட்டேன் என்றது. கதவின் கொக்கி போய் விழுகிற ஓட்டைக்குள் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பி, காய்ந்து கல்லாகியிருந்தது. குச்சியால் சுரண்டிச் சுரண்டி என் விரல் சிவந்துபோனது. "என்னக்கா, படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இப்படிப் பண்ணிட்டீகளே" என்று கத்தினேன். அக்கா அசரவில்லை. "என்னையத் திரும்ப இந்த வீட்டுக்காரி ஆக்குச்சே தம்பி, அதுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?"

ஹாலில் சொன்னது

இரண்டு வருசம் ஓடியது. ஒரு நாள் ஸ்டெபிலைசர் கடகடவென்று அடித்துக்கொள்கிறது என்றார்கள். ரிலே போயிருந்தது. கடைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். அதைக் கழற்றி, ஓவன் பிளக்கைச் சும்மா தொங்கவிட்டேன். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது. ஹாலில் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நம் தொழில் வழக்கம் தெரியுமே, வேலை பார்ப்பது சமையல்கட்டில், சொல்லிவிட்டு வருவது ஹாலில் இருக்கிற ஆம்பளையிடம். "சார், நான் வார வரைக்கும் அடுப்பப் போட வேணாம்" என்றேன். தலையை நிமிர்த்தாமலே "சரிப்பா" என்றார். கொல்லைக்குப் பத்தடிதான். நான் போகவில்லை.

அன்று சாயங்காலம் கரண்டு போய்ப் போய் வந்திருக்கிறது. பிளக் தொங்குவதைப் பார்த்த அக்கா, கழன்று விழுந்துவிட்டது போல என்று நேராகச் சுவரில் சொருகியிருக்கிறார். ஹை வோல்டேஜில் டமார் என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். மறுநாள் திறந்தேன். டிரான்ஸ்பார்மர் கரிக்கட்டை, மைக்ரோவேவ் கிளப்புகிற குழாயும் அவுட். சார் என்னை வாசலுக்கு இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னத நான் அவகிட்டச் சொல்லலப்பா. செத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லிராத, பார்ட்ஸ் வருதுன்னு சொல்லு."

பார்ட்ஸ் வருது

சொன்னேன். மச்சினன் அதற்குள் சிங்கப்பூரை விட்டே வந்துவிட்டிருந்தார். மெட்ராஸில் விசாரித்தேன், தெரிந்த கடைக்கெல்லாம் எழுதிப் போட்டேன். அந்த மாடலே நின்றுபோச்சு என்றார்கள். ஆனாலும் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். செத்த மெஷினைத் திறப்பேன், துடைப்பேன், டெஸ்டரை வைத்துப் பார்ப்பது போலப் பார்ப்பேன், "வந்துரும்க்கா" என்பேன். சார் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருப்பார். அக்கா ஹாலில் ஃபேனுக்குக் கீழே பழையபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலியைத் தாண்டிப் போகவே எனக்குக் கால் கூசும்.

எட்டாவது மாசம் நான் பையைத் திறக்கும் முன்பே அக்கா கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். சமையல்கட்டில் பம்ப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. "அது செத்துப் போச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. இப்ப ரெண்டு பேரும் பொய் சொல்ல இம்புட்டுக் கஷ்டப்படுறீகளே, கழட்டிட்டுப் போறேன்னு அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

மெஷின் ஆயுளைக் கூட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் சொன்ன எனக்கு, அதை அடுப்பில் நிற்கிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது தெரிவதற்கு ஒரு அடுப்பும் அதோடு ஒரு மனுஷியின் முகமும் அணைய வேண்டியிருந்தது.